சட்டையைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை, மருமகனே

வா மருமகனே, உக்காரு. மெட்ராஸ்ல இருந்து பஸ் ஏறி வந்தவன் ஆத்தாளைப் பாக்கத்தான் வந்திருப்பேன்னு நினைச்சேன். நீ என்னடான்னா செருப்பைக் கழட்டுறதுக்குள்ள லேப்டாப்பை நீட்டுறே. பழைய பிரெஞ்சுப் படம் ஒண்ணை எடுத்து, புதுச்சாயம் பூசி, ரெண்டு கொலை, மூணு முத்தம், நாலு இடத்துல கதாநாயகன் சட்டையில்லாம நிக்கிறது, இப்படி "ஸ்டைலா ஒரு ரீமேக்" பண்ணப்போறியாம். அதுக்கு மாமன் ஆசீர்வாதம் வேணுமாம். ஆசீர்வாதத்துக்கு என்ன காசா பணமா, எடுத்துக்க. ஆனா தெக்குத் தோட்டத்தை அடமானம் வைக்கலாமான்னு கடைசியில ஒரு வார்த்தை மெதுவாச் சொன்னே பாரு, அங்கதான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கு.

நான் படிச்ச விமர்சகன் இல்ல. டூரிங் டாக்கீஸ்ல கார்பன் எரிச்சவன். எந்த இடத்துல ஜனம் எந்திரிச்சு முறுக்கு வாங்கப் போகும், எந்த இடத்துல பீடி விரலைச் சுடுறதுகூடத் தெரியாம உக்காந்திருக்கும்னு ஆபரேட்டர் ரூம் ஓட்டை வழியாப் பாத்தவன். ரெண்டாம் ஆட்டம் முடிஞ்சு கம்பெனிப் பிரதிநிதி டி.சி.ஆர்., அதான் அன்னாடு வசூல் கணக்கு, எழுதுறப்ப பக்கத்துல லாந்தர் பிடிச்சவன். பேப்பர்ல எழுதுறது ஒண்ணு, டி.சி.ஆர்.ல எழுதுறது ஒண்ணு. ரெண்டும் ஒத்துப்போன படத்தை நான் ரொம்பப் பாத்ததில்ல.

போன தடவை நீ மறந்து வச்சுட்டுப்போன ஹார்டு டிஸ்க்குல 1983ல வந்த 'பிரெத்லெஸ்' இருந்துச்சு. ஜிம் மெக்பிரைட் டைரக்‌ஷன், ரிச்சர்ட் கியர் கதாநாயகன். உன் தங்கச்சிதான் டி.வி.யில மாட்டிக் குடுத்தா. பத்தாவது நிமிஷம் அவளைப் பால் வாங்கிட்டு வரச்சொல்லி அனுப்பினேன். வீட்ல பால் இருந்துச்சு.

கதை உனக்குத் தெரியும். ஜெஸ்ஸின்னு ஒருத்தன் லாஸ் வேகாஸ்ல ஒரு போர்ஷ் காரைத் திருடிக்கிட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் பறக்குறான். வழியில ஒரு போலீஸ்காரன் உசிரு போகுது. ஊர் பூரா இவன் மூஞ்சியைத் தேடுது. இவனோ கட்டடக்கலை படிக்கிற ஒரு பிரெஞ்சுக்காரப் பிள்ளை பின்னாடி, மெக்சிகோவுக்கு ஓடிருவோம் வான்னு சுத்துறான். ஜெர்ரி லீ லூயிஸ் பாட்டுன்னா பயலுக்கு உசிரு. சில்வர் சர்ஃபர் படக்கதைன்னா அதுக்கும் மேல. போலீஸ் வலை விரிச்சிருக்கு, இவன் குளியலறையில நின்னு எல்விஸ் பாட்டை ஊரே கேக்கக் கத்திக்கிட்டு இருக்கான். கியர் அந்தப் படத்துல எதையும் மறைக்கல. எதையும்னா எதையும்தான். பால் வாங்கப் போன பிள்ளை கொஞ்சம் தாமசமா வந்ததுல எனக்கு வருத்தமே இல்ல.

இதுக்கு மூலம் 1960ல கோதார் எடுத்த பிரெஞ்சுப் படம். அங்க திருட்டுக் காரு மார்சேய்ல இருந்து பாரிஸுக்குப் போகும். பெல்மோந்தோ பிரெஞ்சுக்காரன், ஜீன் சீபெர்க் பாரிஸ் தெருவுல பேப்பர் விக்கிற அமெரிக்கப் பொண்ணு. மெக்பிரைட் ஆளை மட்டும் அப்படியே திருப்பிப் போட்டாரு: பையன் அமெரிக்கா, பொண்ணு பிரெஞ்சு. அந்தப் பொண்ணு வலேரி கப்ரிஸ்கி. அப்ப இருபது வயசுதான் இருக்கும்.

பேப்பர்க்காரவுக கொதிச்சுட்டாக. முழுசா எல்லாருமில்ல; கியரோட துள்ளலைப் பாத்து ரசிச்சவுகளும் உண்டு. ஆனா பெரும்பாலான ஆளுக ஒரே கேள்வியைத்தான் நாலு விதமா எழுதினாக: கோதார் எடுத்த படத்தை இன்னொருத்தன் எதுக்குத் தொடணும்? கியர் கண்ணாடி முன்னாடி நிக்கிற மாதிரியே படம் பூரா நிக்கிறான்னாக. கப்ரிஸ்கிக்கு நடிக்கத் தெரியலன்னாக. அதுல ஒரு வேடிக்கை கேளு: அடுத்த வருஷமே, 1984ல, அவ பிரான்சுக்குத் திரும்பிப்போய் 'லா ஃபெம் பப்ளிக்' படத்துல நடிச்சா. அந்தூர்ல பெருசா மதிக்கிற செஸார் விருதுக்குச் சிறந்த நடிகைப் பட்டியல்ல பேரு வந்துருச்சு. தெரியாத பாசையில வசனம் பேசுறவளுக்கு நடிக்கத் தெரியலன்னு எழுதுறது லேசு.

சரி, கோதார் சாமி எங்க இருந்து எடுத்தாரு? அவரு தன் படத்தையே மோனோகிராம் பிக்சர்ஸ்ங்கிற அமெரிக்கக் கம்பெனிக்குத்தான் சமர்ப்பணம்னு போட்டாரு. அது என்ன பெரிய கம்பெனியா? மலிவு விலைக்கு அடிதடிப் படம் எடுத்துத் தள்ளினவுக. பெல்மோந்தோ கட்டைவிரலால உதட்டைத் தேச்சுக்கிட்டுத் திரியிறானே, அது ஹம்ஃப்ரி போகார்ட்டைப் பாத்துப் பழகினது. கதையோ, ட்ரூஃபோ பேப்பர்ல படிச்ச ஒரு கொலைச் செய்தி. அமெரிக்கச் சரக்கைப் பிரெஞ்சுக்காரரு எடுத்தா கலை. அதையே அமெரிக்காக்காரன் திருப்பி எடுத்துக்கிட்டா களவு. மாமியா உடைச்சா மண்சட்டி, மருமக உடைச்சா பொன்சட்டிதான், வேறென்ன.

ஆனா கோதாரைக் கேலி பண்றேன்னு நினைக்காதே. ரீல் அறுந்துச்சுன்னா நாங்க ரெண்டு பக்கமும் வெட்டி ஒட்டுவோம்; அந்த இடத்துல ஆளு திடுக்குனு குதிப்பான், தரை டிக்கெட்டு "ஆபரேட்டரு!"ன்னு என் ஆத்தாளையும் சேத்துக் கூப்பிடும். கோதார் படம் நீளமாப் போச்சுன்னு காட்சிக்கு நடுவுலேயே வெட்டி வெட்டி ஒட்டினாரு. ஆளு குதிக்கிறது அப்படியே தெரியுது. அதுக்கு உலகம் எந்திரிச்சு நின்னு கைதட்டுச்சு. பெர்லின்ல சிறந்த டைரக்டருக்கு வெள்ளிக் கரடி குடுத்தாக. பிரான்சுல மட்டும் 20 லட்சம் டிக்கெட்டுக்கு மேல கிழிஞ்சுச்சு. பேப்பரும் டி.சி.ஆரும் ஒத்துப்போன அபூர்வ சாதி அது. அப்பேர்ப்பட்ட படத்தைத் தொட்டா கை சுடாம என்ன செய்யும்?

மெக்பிரைட்டும் ஒண்ணும் தெரியாத ஆளில்ல. அவரு 1967லயே 'டேவிட் ஹோல்ஸ்மன்ஸ் டைரி'ன்னு, கேமராவும் கையுமா அலையுற ஒரு சினிமாக் கிறுக்கனை வச்சுக் கேலிப்படம் எடுத்தவரு. அந்தக் கிறுக்கனா நடிச்ச கிட் கார்சன்தான் இந்தப் படத்துக்குக் கூட உக்காந்து திரைக்கதை எழுதினவரு. ரெண்டு பேரும் கோதார் பக்தருகதான். பக்தன் செஞ்ச பூசையைத்தான் அர்ச்சகரு அபச்சாரம்னுட்டாரு.

எனக்கு அந்தப் படத்துல பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு. நீ நினைக்கிற இடந்தான், ஆனா நீ நினைக்கிற காரணத்துக்கு இல்ல. போலீஸ் துரத்துது, ரெண்டு பேரும் ஒரு சினிமாக் கொட்டகைக்குள்ள ஓடுறாக. ஓடி, திரைக்குப் பின்னாடி போயிடுறாக. முன்னாடி 1950ல வந்த 'கன் கிரேசி' ஓடிக்கிட்டு இருக்கு. அதுவும் துப்பாக்கியும் கையுமா ஓடுற ஒரு ஜோடியோட கதைதான். திரையில அந்த ஜோடி பெருசா, வலது இடமா மாறித் தெரியுது. அதோட வெளிச்சம் இவுக மேல விழ, இவுக கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்காக. திரைக்குப் பின்னாடி என்ன இருக்கும்னு எனக்குத் தெரியும்டா. ஒலிப்பெட்டி இருக்கும், காது கிழியும். ஒட்டடை இருக்கும். எங்க கொட்டகையில தேளும் இருந்துச்சு. அங்க போய்க் காதல் பண்ணணும்னா போலீஸைவிடப் பெரிய கிறுக்கு பிடிச்சிருக்கணும். அந்தக் கிறுக்குதான் படமே. பழைய படத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு, அதோட வெளிச்சத்துல தன் கூத்தை நடத்துறேன்னு மெக்பிரைட் ஒளிவுமறைவில்லாமச் சொல்லிட்டாரு. இதை ஏன் அவ்வளவு விமர்சகருகளும் கண்டுக்கலன்னு எனக்கு இன்னும் விளங்கல. ஒருவேளை அவுகளும் அந்த நேரத்துல வேற எதையோ பாத்துக்கிட்டு இருந்திருப்பாக.

பேப்பரை விடு. கல்லாவுக்கு வருவோம்.

1983 மே 13ல ரிலீஸ். போட்ட முதல் சுமார் 75 லட்சம் டாலர். அமெரிக்காவுல மொத்த வசூல் 2 கோடி டாலருக்குக் கொஞ்சம் குறைவு. உடனே "மாமா, ரெண்டு மடங்குக்கு மேல லாபம்"ன்னு துள்ளாதே. வசூல் வேற, ஷேர் வேற. கொட்டகைக்காரன் ஏறக்குறைய பாதியை எடுத்துக்குவான். பிரிண்டு, விளம்பரம் எல்லாம் மிச்சத்துல இருந்து போகணும். கையைச் சுட்டுக்கல, அவ்வளவுதான். ஆனா கியருக்கு முந்தின வருஷம் வந்த 'அன் ஆஃபீசர் அண்ட் எ ஜென்டில்மேன்' அங்க கிட்டத்தட்ட 13 கோடி டாலரு வசூல். டிக்கெட் விலையை வச்சு நானே உக்காந்து வகுத்துப் பாத்தேன்: அந்தப் படத்துக்கு வந்த ஏழு பேர்ல ஒருத்தன் கணக்குக்குத்தான் இதுக்கு ஆள் வந்திருக்கு. போட்டது அதே மூஞ்சிதான், அதே மாரும்தான்.

உன் வாயில என்ன வருதுன்னு தெரியும். "அது 'ஆர்' சர்ட்டிபிகேட்டு மாமா, பதினேழு வயசுக்குக் கீழ உள்ள பயலுக தனியா வர முடியாது." அந்த 13 கோடிப் படமும் 'ஆர்'தான் மருமகனே. "ரிலீஸ் தேதி சரியில்ல, பன்னெண்டு நாள்ல ஸ்டார் வார்ஸ் படம் 'ரிட்டர்ன் ஆஃப் த ஜெடாய்' வந்துருச்சு." வந்துச்சு, வாரிக்கிட்டுப் போச்சு, வாஸ்தவம். இந்தச் சாக்கை அப்படியே கையில வச்சுக்க, இன்னொரு படத்தைச் சொல்றேன்.

2002. அதே ரிச்சர்ட் கியர், அதே மே மாசம், இதுவும் பிரெஞ்சுப் படத்தோட ரீமேக். பேரு 'அன்ஃபெய்த்ஃபுல்'. மூலம் க்ளோத் ஷப்ரோல் 1969ல எடுத்தது. ஷப்ரோல் யாரு? கோதாரோட அந்த 1960 படத்துல டெக்னிக்கல் ஆலோசகர்னு பேர் போட்ட ஆளு. டைரக்டர் ஏட்ரியன் லைன். 1983ல 'பிரெத்லெஸ்' வந்தப்ப பக்கத்துக் கொட்டகைகள்ல 'ஃப்ளாஷ்டான்ஸ்' பிச்சுக்கிட்டு ஓடுச்சே, அதை எடுத்த புண்ணியவான். சினிமாவுல வட்டம் ரொம்பச் சின்னதுடா. ரிலீஸ் மே 10. அதுக்கு முந்தின வாரம் 'ஸ்பைடர்மேன்', அடுத்த வாரம் மறுபடியும் ஸ்டார் வார்ஸ் படம். ரெண்டு பக்கமும் யானை. சர்ட்டிபிகேட்டு மறுபடியும் 'ஆர்'. போட்டது 5 கோடி டாலர், அமெரிக்காவுல மட்டும் வசூல் 5 கோடிக்கு மேல, உலகம் பூராவும் சேத்து சுமார் 12 கோடி. தேதிமேல பழி போட்டியே, இப்ப என்ன சொல்றே?

வித்தியாசம் எங்க இருக்குன்னு பாரு. இருபது வருஷம் முன்னாடி ஓடிப்போகிற காதலனா நின்ன கியர் இதுல பொண்டாட்டியால ஏமாந்த புருசன். நல்ல சட்டை, அதுக்கு மேல கோட்டு, கண்ணுல ஒரு கலக்கம். பொண்டாட்டிக்குத் தான் வாங்கிக் குடுத்த கண்ணாடி உருண்டை பொம்மை அவ கள்ளப்புருசன் வீட்டுல இருக்கிறதைப் பாத்ததும், அதாலேயே ஓங்கி அடிச்சுடுறான். அவன் சட்டையைக் கழட்டாததுல படத்துக்கு ஒரு சேதாரமும் இல்ல.

படத்தைத் தூக்கி நிறுத்தினது டயான் லேன். முதல் தடவை தப்புப் பண்ணிட்டு ரயில்ல வீட்டுக்குத் திரும்புறா பாரு, அந்த ஒரு இடம். ஜன்னலோரம் உக்காந்திருக்கா. வசனம் ஒரு சொட்டு இல்ல. நடந்தது நினைப்புல வந்து வந்து போகுது. சிரிப்பு வருது, அதைக் கையால அமுக்குறா, அந்தக் கை நடுங்குது, கண்ணு கலங்குது, திரும்பவும் சிரிப்பு. வெக்கம், பயம், சந்தோசம், குத்தவுணர்ச்சி எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி விழுது. பக்கத்துல யாராவது பாத்துட்டாகளோன்னு இருக்கையே மாறிப்போயிடுவாளோன்னு நமக்குப் பதைப்பு. காட்ட வேண்டியதை முழுக்க முகத்துல காட்டிட்டா. பீடி விரலைச் சுடுற இடம்னு சொன்னேனே, அதுதான் இது. படத்தைப் பத்தி விமர்சகருக்குள்ள ரெண்டு கட்சி இருந்துச்சு, ஆனா லேனைப் பத்தி ஒரே கட்சிதான். நியூயார்க் விமர்சகர் வட்டம் சிறந்த நடிகைன்னு எழுதிக் குடுத்துச்சு, ஆஸ்கர் பட்டியல்லயும் பேரு வந்துச்சு.

இன்னொரு சூட்சுமமும் இருக்கு. ஷப்ரோல் படத்தை அமெரிக்காவுல சினிமாப் படிச்சவன் அறிவான். டிக்கெட் வாங்கினவன்ல முக்கால்வாசிப் பேர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டான்னு அடிச்சுச் சொல்வேன். அதனால "மூலம் மாதிரி வருமா"ங்கிற பேச்சே கொட்டகை வாசல்ல எழும்பல. எடுக்கிறதா இருந்தா காவல் இல்லாத வீடாப் பாத்துப் போகணும். கோதார் வீட்டு வாசல்ல உலகத்து விமர்சகன் பூரா கயித்துக் கட்டில் போட்டுப் படுத்திருந்தான்.

அப்புறம் நம்ம பம்பாய்க்காரன் சும்மா இருப்பானா? 2004ல 'மர்டர்'. 'அன்ஃபெய்த்ஃபுல்' சாயல்தான். காதலனைச் சாகவிடாமத் திருப்பிக் கொண்டாந்து, குடும்பத்தையும் காப்பாத்தி, பாட்டும் போட்டு, மல்லிகா ஷெராவத் பேரைச் சொல்லியே வசூல் பண்ணிட்டான். அதுக்கு மேல அதைப் பத்திப் பேச எனக்கு ஒண்ணுமில்ல.

மத்த ரீமேக்கையெல்லாம் வேகமாச் சொல்லிடுறேன், சாப்பாட்டு நேரமாச்சு. 1981ல 'போஸ்ட்மேன் ஆல்வேஸ் ரிங்ஸ் ட்வைஸ்'. 1946ல லானா டர்னர் நடிச்சது, இதுல ஜாக் நிக்கல்சனும் ஜெசிக்கா லாங்கும். அடுக்களை மேசையில மாவுக்கு நடுவுல ஒரு காட்சி வரும். படத்தைப் பத்திப் பேசுறவன் எவனும் அதைத் தாண்டிப் பேசினதில்ல. அமெரிக்க வசூல் 1.2 கோடி டாலர் சொச்சம். படத்துல போஸ்ட்மேன்னு ஒருத்தன் வரவே மாட்டான், அதுவரைக்கும் கண்ணியம். 1994ல 'த கெட்அவே'. அதுல நிஜப் புருசன் பொண்டாட்டியான அலெக் பால்ட்வினையும் கிம் பேசிங்கரையும் நடிக்க வச்சாக. நிஜத்துல தாலி கட்டினவுகளைத் திரையில பாக்கிறதுக்கு ஜனத்துக்கு என்ன அவசரம்? 1.6 கோடியோட நின்னு போச்சு. 1984ல வந்த 'அகைன்ஸ்ட் ஆல் ஆட்ஸ்'ல மட்டும் ஒரு நல்ல காரியம் பண்ணினாக. 1947 மூலப்படத்துல ஆளை மயக்கிக் கவுத்த ஜேன் கிரீரையே கூப்பிட்டு, புதுக் கதாநாயகிக்கு ஆத்தாளா நடிக்க வச்சாக. பழைய வீட்டுக்காரிக்கு மரியாதை. அந்தப் படம் மறந்துபோச்சு, அதுக்கு ஃபில் காலின்ஸ் பாடின பாட்டு இன்னும் கல்யாண வீடு வரைக்கும் ஓடிக்கிட்டிருக்கு.

'பிரெத்லெஸ்'க்கு மட்டும் பின்னால ஒரு விசயம் நடந்துச்சு. குவென்டின் டரான்டினோன்னு ஒருத்தரு, அந்தப் படத்தைத் தலையில வச்சுக் கொண்டாடுறவரு. படக்கதை, ராக்கபில்லி பாட்டு, சினிமாக் கிறுக்கு, தனக்குப் பிடிச்ச மூணும் அதுல இருக்குன்னு சொல்வாரு. 1992ல அவரு எடுத்த 'ரிசர்வாயர் டாக்ஸ்'ல மிஸ்டர் ஆரஞ்சு வீட்டுச் சுவத்தைப் பாரு, சில்வர் சர்ஃபர் போஸ்டர் ஒட்டியிருக்கும். மெக்பிரைட் என்ன பண்ணினாரு? ஜெஸ்ஸி பாடித் திரிஞ்ச அந்த ஜெர்ரி லீ லூயிஸ் வாழ்க்கையையே 1989ல 'கிரேட் பால்ஸ் ஆஃப் ஃபயர்'னு படமா எடுத்தாரு. கிறுக்கு தெளியல. கடைசிக் காட்சியையும் ஒரு தடவை போட்டுப் பாரு. சுத்தி போலீஸ், தரையில துப்பாக்கி, கியர் பாட்டுப் பாடி ஆடிக்கிட்டே குனிஞ்சு அதை எடுத்துத் திரும்புறான், படம் அப்படியே உறைஞ்சு நிக்குது. பெல்மோந்தோவை நடுத்தெருவுல ஓடவிட்டு விழ வச்சாரு கோதார். இவரு விழவே விடல. மூலத்தை மீறி அவரு சொந்தமா வச்ச இடங்கள், இந்த முடிவும் அந்தத் திரைக்குப் பின்னாடி நடந்த கூத்தும்தான், இன்னிக்கும் நிக்குது. மூலத்தைப் பாத்து எழுதின இடத்துலதான் தூக்கம் வருது.

ஆனா ஒண்ணு, டரான்டினோ பாராட்டு வந்தப்ப டி.சி.ஆர். மூடி வருசக்கணக்காச்சு. பின்னால வர்ற புகழ் பிரிண்டுக் கடனைக் கட்டாது. அதனால தோட்டத்துக்கு நான் கையெழுத்துப் போடப்போறதில்ல; ஆத்தாகிட்ட போய் அழுதாலும் அவ என்கிட்டதான் கேப்பா.

கோவிச்சுக்காதே. முதல்ல உரிமையைக் காசு குடுத்து, கையெழுத்து வாங்கி, பத்திரமா வச்சுக்க. விஸ்கோன்ட்டின்னு பெரிய இத்தாலி டைரக்டர் அந்தப் போஸ்ட்மேன் கதையை 1943ல உரிமை வாங்காம எடுத்தாரு. முப்பது வருசத்துக்கு மேல அமெரிக்காவுல அதை ஓட்ட முடியல. அவருக்கே அந்தக் கதின்னா நீ எந்த மூலைக்கு? அடுத்து, உன் கதைச் சுருக்கத்துல கதாநாயகன் உடுப்பைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதியிருக்கே, கதாநாயகியைப் பத்தி "அழகானவள்"னு ஒரே ஒரு வார்த்தை. அந்த ரெண்டு பக்கத்தையும் கிழிச்சுப்போடு. அவ என்ன நினைக்கிறா, எப்ப பொய் சொல்றா, அவனை ஏன் போலீஸ்ல காட்டிக் குடுக்கிறா, அன்னிக்கு ராத்திரி எப்படித் தூங்குறா, இதை எழுது. மூலத்துல இல்லாத ஒரு காட்சி, ஒண்ணே ஒண்ணு, உன் மண்டையில இருந்து வரணும். அதை முடிச்சுட்டு வா. படிச்சுப் பாத்துட்டு, தயாரிப்பாளர்கிட்ட சொல்ல வேண்டியதை நானே வந்து சொல்றேன்.